அருள்நாயகத்தின் கணக்கில் நிலாணி வைத்த பந்தயங்கள்

பெயர்: புனிதவதி அருள்நாயகம்
வயது: ஐம்பத்தெட்டு
விலாசம்: இல. 38, பெல்வூட் கிறசென்ற், ஸ்காபரோ, ரொறன்ரோ
தொழில்: மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குபவர்
முறைப்பாட்டாளருக்கு உறவுமுறை: மனைவி
சந்தேகநபருக்கு உறவுமுறை: வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி

மேலே பெயர் குறிப்பிடப்பட்டவர் நானே. எனக்கு ஆங்கிலம் விளங்கும், ஆனால் கோபம் வந்தால் அது என்னைக் கைவிட்டுவிடும் என்பதால் தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். தமிழ் பேசும் உத்தியோகத்தர் திரு. கிருபன் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். என்னை ஒருவரும் வற்புறுத்தி இங்கே அழைத்து வரவில்லை. போக வேண்டாம் என்றுதான் என் மகள் தொலைபேசியில் மறித்தாள். நான் சொல்வது எனக்கே எதிராகப் பாவிக்கப்படலாம் என்று உத்தியோகத்தர் விளக்கினார். விளங்கியது என்றேன்.

இந்த முறைப்பாட்டில் சந்தேகநபராகக் காட்டப்பட்டிருக்கும் நிலாணி எங்கள் வீட்டின் கீழ்த்தளமான பேஸ்மென்றில் நான்கு வருடமாக வாடகைக்கு இருப்பவர். வயது முப்பத்தாறு. வாகனக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில், எந்தச் சாரதி எவ்வளவு ஆபத்தானவர், அவருக்கு என்ன கட்டணம் போடலாம் என்று கணக்குப் பார்ப்பது அவருடைய வேலை. அதை வீட்டிலிருந்தே செய்கிறார். பொலிஸ் பதிவு ஒன்று விழுந்தால் அந்த வேலை அவருக்கு இல்லை. அதனால்தான் நான் வந்தேன். தன்னுடைய பந்தயக் கணக்குக்குள் நிலாணி களவாகப் புகுந்தார் என்று என் கணவர் அருள்நாயகம் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். நிலாணி புகுந்தது உண்மை. கதவைத் திறந்துவிட்டது நான்.

என் கணவர் பாடசாலை பஸ் ஓட்டுகிறார். காலையில் ஒரு ஓட்டம், பின்னேரம் ஒரு ஓட்டம், இடையில் வீட்டில் இருப்பார். தனியார் நிறுவனங்கள் தொலைபேசியில் விளையாட்டுப் பந்தயம் பிடிப்பதற்கு இந்த மாகாணத்தில் அனுமதி வந்த வருடம் அவரும் ஒரு நிறுவனத்தில் கணக்குத் திறந்தார். ஐந்தாறு ஆட்டங்களைச் சங்கிலியாகக் கோர்த்து, எல்லாம் சரிவந்தால் மட்டும் காசு என்ற வகைப் பந்தயம்தான் அவருக்குப் பிடிக்கும். அதற்குப் பார்லே என்று பெயர். ஐந்தில் நான்கு சரிவந்து ஒன்று பிழைத்தால், தான் தோற்கவில்லை, கிட்ட வந்தது என்பார். அவருடைய வாழ்க்கையில் கிட்ட வந்தவை ஏராளம். ரொறன்ரோ ஹொக்கி அணி விளையாடும் நாட்களில் அந்த அணி சங்கிலியில் கட்டாயம் இருக்கும். அணி எப்படி விளையாடுகிறது என்பது வேறு விடயம், அது பக்தி.

அதன் பின்னர் லெஸ்லி என்பவர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். நேரில் அல்ல, தொலைபேசியில். நிறையப் பந்தயம் வைக்கும் வாடிக்கையாளர்களைக் கவனித்துக்கொள்வதற்காக அந்த நிறுவனம் வைத்திருந்த ஆள் அவர், மன்னார்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. என் கணவரை அண்ணை என்றும் என்னை அக்கா என்றும் அழைப்பார். பிறந்தநாளுக்குத் தொலைபேசி எடுப்பார், அணி தோற்றால் துக்கம் விசாரிக்கிற குரலில் எடுப்பார். எனக்குப் பித்தப்பையில் ஒபரேஷன் நடந்தபோது பழக்கூடை அனுப்பினார். ஒருமுறை ஹொக்கி ஆட்டத்துக்கு இரண்டு ரிக்கற் வந்தது, விளையாடுபவர்களின் சப்பாத்துத் தகடு பனியைக் கீறுகிற சத்தம் கேட்கிற அளவுக்குக் கிட்டடி இருக்கை. என் கணவரின் கூடப்பிறந்த தம்பி ஒஷாவாவில் இருக்கிறார். அவர் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் கணவர் லெஸ்லியைத் தன் சொந்தத் தம்பியாகவே வைத்திருந்தார் என்பதைப் பதிய வேண்டும்.

அதன் பின்னர், கடந்த மார்கழியில், வீட்டை ஈடுகாட்டி வங்கியில் நாங்கள் எடுத்து வைத்திருந்த கடன் வசதி ஏறக்குறைய முழுவதும் கரைந்திருப்பதைக் கண்டேன். தொகையை இங்கே சொல்ல மாட்டேன், வங்கிக்குத் தெரியும். இன்னும் ஒரு குளிர்காலம் இப்படியே போனால் வீடு இல்லை என்பதுதான் அதன் பொருள். நான் சண்டை போட்டேன், அழுதேன், சமைக்காமல் இருந்தேன். கணக்கை மூடச் சொன்னபோது அவர் சொன்ன பதில், “லெஸ்லி என்ன நினைப்பான்?” என்பதே. அதன் பின்னர் நான் லெஸ்லிக்கே எடுத்துக் கேட்டேன். அவர் மிக மரியாதையாகச் சொன்னார். “கணக்கு அண்ணையின்ர பேரில அக்கா. அவர் நிப்பாட்டச் சொன்னால் அடுத்த நிமிசமே நிப்பாட்டுவம். நீங்கள் சொல்லி எங்களால ஒண்டும் ஏலாது.”

அந்த நாட்களில் நிலாணியின் மேலும் எனக்குக் கோபம் இருந்தது. சனிக்கிழமைகளில் உடுப்புத் துவைக்க மேலே வரும்போதெல்லாம் அவர் என் கணவரிடம், “அங்கிள், இண்டைக்கு ஆர் வெல்லுவினம்?” என்று கேட்பார். இவர் இருந்த இருப்பில் அரை மணித்தியாலம் விளக்குவார். நிலாணி ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் தட்டிக்கொள்வார். இவருக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். “படிச்ச பிள்ளை, ஆனாலும் தெரியாததைக் கேட்டுப் படிக்கிற குணம் இருக்கு,” என்று என்னிடம் சொல்லுவார். வீட்டில் ஒரு பைத்தியம் போதாதென்று கீழேயும் ஒன்று வளர்கிறது என நினைத்து, தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் நிலாணியை ஏசுவதற்காகப் படியிறங்கிப் போனேன்.

ஏசக்கூடிய மட்டும் ஏசினேன். அவர் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, தன்னுடைய தொலைபேசியில் வேறொரு நிறுவனத்தில் இருந்த பழைய பந்தயக் கணக்கைத் திறந்து, நான் பார்த்துக்கொண்டிருக்க நூறு டொலர் பந்தயம் ஒன்றை வைத்தார். நிறுவனம் ஏற்கவில்லை. அவர் வைக்கக்கூடிய ஆகக் கூடிய தொகை ஒரு டொலர் பன்னிரண்டு சதம் என்று பதில் வந்தது. ஏன் என்று கேட்டேன்.

“எனக்கு விலை தெரியும் எண்டு அவைக்குத் தெரிஞ்சிட்டுது அன்ரி,” என்றார்.

அதன் பின்னர் அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் சொல்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிறுவனம் ஒரு விலை போடும். ஆட்டம் தொடங்குவதற்குள் அந்த விலை ஏறும், இறங்கும். நிலாணி போன்ற ஆட்கள், போட்ட விலை பிழை என்று முதலே கண்டு, அது திருந்துவதற்கு முன் வாங்கிவிடுவார்கள். அப்படி வாங்கினால் அன்றைக்கு வென்றாலும் தோற்றாலும் நீண்ட காலத்தில் காசு அவர்கள் பக்கம்தான் வரும். ஆகவே நிறுவனம் யார் வென்றார் என்று பார்ப்பதில்லை, யார் விலை தெரிந்து வாங்குகிறார் என்றுதான் பார்க்கிறது. அப்படியானவரை ஒரு டொலர் பன்னிரண்டு சதத்துக்கு இறக்கிவிடும். விலை தெரியாதவருக்குப் பழக்கூடை அனுப்பும். எங்கள் பக்கத்து மீன்கடைக்காரர், செவுளைத் தூக்கிப் பார்க்கிறவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தருவதை வாங்கிப்போகிறவரை வாங்கோ வாங்கோ என்று கூப்பிடுவது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் மீன்கடைக்காரர் லட்சக்கணக்கான ஆட்களை முகம் காணாமலே அப்படிப் பிரிப்பதில்லை. நான் குடிக்க மறந்த தேத்தண்ணி ஆறிவிட்டது.

நிலாணியிடம் இன்னொரு கணக்கு இருந்தது. என் கணவர் வைத்திருந்த அதே நிறுவனத்தில்தான். அதில் மட்டும் மூன்று வருடமாக அகப்படாமல் இருந்தார். அகப்படாமல் இருப்பதற்காகத் தன்னை ஒன்றும் தெரியாதவர்போல் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நல்ல பந்தயங்களுக்கு நடுவில், பார்க்கிறவர் சிரிக்கும் பந்தயங்களையும் வைக்க வேண்டும். அவை மெய்யாகவே ஒரு மொக்கு ஆள் யோசித்தவைபோல் இருக்க வேண்டும். தானாக யோசித்தால் அது வருவதில்லை என்றார்.

“அதுதான் அன்ரி, சனிக்கிழமையில அங்கிளைக் கேட்டு, அவர் சொல்லுற பார்லேயைக் கொஞ்சக் காசுக்கு அப்பிடியே போடுவன். அதைப் பாத்தால் என்னையும்…” என்று தொடங்கி நிறுத்திவிட்டார். வளர்ப்பு நல்ல வளர்ப்பு. வசனத்தை நானே மனதுக்குள் முடித்துக்கொண்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னர் அது அழுகையாக மாறியது.

அழுது முடிந்த பின்னர் நான் கேட்டேன், “அப்ப தாங்களாகவே ஆக்களை வெளியில தள்ளுவினமோ?”

“தள்ளுவினம். ஆனால் என்னை மாதிரி ஆக்களைத்தான்.”

“அவரையும் உன்னை மாதிரி ஆக்கிவிடு பிள்ளை,” என்றேன்.

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். நிலாணி சொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுதும்படி உத்தியோகத்தரைக் கேட்டு, எழுதியதைப் பார்த்தும் கொண்டேன். நிலாணி உடனே சம்மதிக்கவில்லை. ஒருவருடைய கணக்கில் இன்னொருவர் கைவைப்பது நிறுவனத்தின் சட்டப்படி பிழை என்றார். ஒரே வீடு, ஒரே இன்ரர்நெற், தன்னையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். நான் அந்தக் கடைசி வசனத்தைக் காதில் வாங்கவில்லை. சில நாட்கள் கழித்து அவர் மேலே வந்து, “செய்வம் அன்ரி,” என்றார்.

என் கணவரின் பஸ் கம்பனியில், தொலைபேசி விடயமாக அவருக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை கிடைத்திருந்தது. ஆகவே பின்னேர ஓட்டத்துக்குப் போகும்போது அதைக் குசினி மேசையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போவார். நானும் அந்நேரம் வேலை முடிந்து வந்திருப்பேன். திறக்கும் இலக்கம் எங்கள் மகளின் பிறந்த திகதி. அதை ஒவ்வொரு முறையும் என் விரலால் நான்தான் அழுத்தினேன். நிலாணி வந்து பந்தயத்தை வைத்துவிட்டு உடனே கீழே போய்விடுவார். அவர் வைத்தவை என் கணவர் பெயரே கேள்விப்படாத ஊர்களில் நடக்கும் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்தாட்டங்கள். காசு என் கணவருடைய கணக்கில் இருந்த காசுதான். நிலாணி அதிலிருந்து ஒரு சதமும் எடுக்கவில்லை, எடுக்கவும் வழியில்லை.

அந்த நாட்களில் நான் கண்டதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் கணவர் ஒரு ஆட்டத்துக்குப் பந்தயம் வைத்தால் கதிரை நுனியில் இருந்து கத்துவார், கும்பிடுவார், தொலைக்காட்சியோடு பேசுவார். நிலாணி ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. வைத்துவிட்டுப் போய் உடுப்பு மடிப்பார். ஒருநாள், ஒரு டொலருக்கு இரண்டு டொலர் பத்துச் சதம் திரும்பத் தருவதாக இருந்த விலையில் வைத்தார். நான் சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தபோது அது ஒன்று எண்பதுக்கு இறங்கியிருந்தது. உலகத்தில் மற்றவர்கள் எல்லாரும் நிலாணிக்குப் பின்னால்தான் அதே பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. கையில் அகப்பை, அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு மெய்சிலிர்த்தது என்று எழுதுங்கள், அது பொய்யல்ல.

ஆனால் நிலாணி வைத்தவற்றில் பாதிக்கு மேல் தோற்றன. நான் பயந்துபோய்க் கேட்டபோது, “தோக்கட்டும் அன்ரி. விலை சரி,” என்று மட்டும் சொன்னார். என் கணவர் கண்டுபிடித்து விடுவாரோ என்றும் பயந்தேன். அவர் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாளைக்கு அவர் வைக்கும் பந்தயங்களின் எண்ணிக்கைக்குள் இவையும் அடிபட்டுப் போயின. தான் வைக்காத பந்தயம் தன் கணக்கில் இருப்பதே தெரியாத நிலையில் என் கணவர் இருந்தார் என்பதையும் பதியவும்.

அதன் பின்னர், இரண்டு வாரம் ஆகவில்லை, சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் சோபாவில் இருந்து வழக்கம்போல் ஒரு பார்லே கோர்த்து ஐம்பது டொலர் போட்டார். ஆகக் கூடியது இரண்டு டொலர் நாற்பது சதம் என்று பதில் வந்தது. அவர் திரும்பத் திரும்ப அழுத்தினார். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். அவருடைய ஆயிரம் மொக்குப் பந்தயங்களுக்குள் கலந்து கிடந்த இந்தக் கொஞ்சத்தை, அதுவும் பாதி தோற்றதை, தவிட்டுக்குள் கிடந்த அரிசி மணிகளைப்போல் அந்த நிறுவனம் பொறுக்கி எடுத்திருந்தது. நிலாணியின் மூளையைக் கண்டு பிரமித்த நான் அன்றைக்கு அந்த நிறுவனத்தின் கண்ணைக் கண்டும் பிரமித்தேன். இப்படி ஒரு கண் இருந்துகொண்டுதான் இத்தனை வருடம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் எதிர்பாராதது அதன் பின்னர் நடந்தது. இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இவர் சிரித்தார். எழும்பி நின்று, “பயந்திட்டாங்களப்பா,” என்றார். “என்னைக் கண்டு பயந்திட்டாங்கள்.” உடனே லெஸ்லிக்கு எடுத்தார். லெஸ்லி எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. அதற்கும் இவரிடம் விளக்கம் இருந்தது. “பாவம், என்னால அவனுக்கு வேலையில பிரச்சினை போல,” என்றார்.

அதன் பின்னர் என் கணவர் பந்தயம் வைக்கவில்லை. வென்ற மனிதனாக விலகினார். கராஜைத் துப்புரவாக்கிப் பெயின்ற் அடித்தார். இரவில் நித்திரை கொண்டார். என்னைக் கூட்டிக்கொண்டு வாவியோரம் நடக்கப் போனார். எனக்கு நிலாணியின் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. கீழே போய் நன்றி சொன்னபோது அவர் மடிக்கணினியை மூடிவிட்டு, “எனக்கும் வந்திட்டுது அன்ரி,” என்றார். மூன்று வருடம் பாதுகாத்த அவருடைய கணக்கையும் நிறுவனம் அதே வாரத்தில் வெட்டியிருந்தது. சொந்தமாக ஒரு சிறிய அடுக்குமாடிக் கொண்டோ வாங்குவதற்கான முற்பணத்தை அவர் அந்தக் கணக்கை நம்பித்தான் சேர்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பிடி வரும் எண்டு தெரிஞ்சுதான் செய்தனியோ பிள்ளை?”

“ஓம்.”

“ஏன்?”

“மூண்டு வருசமா அங்கிளின்ர பார்லேயளைப் போட்டுத்தானே நான் ஒளிச்சிருந்தனான். அவர் ஒவ்வொரு சனியும் எவ்வளவு ஆசையாச் சொல்லித் தருவார்.”

எனக்குப் பிள்ளை ஒன்று. அவள் நல்லவள்தான். ஆனால் இப்படி ஒரு பெருந்தன்மையை நான் என் சொந்தச் சனத்தில் கண்டதில்லை. இது உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னதாக எழுத வேண்டாம், சாட்சியமாக எழுதவும்.

இனி என் வாய் செய்ததைச் சொல்கிறேன். மாசி மாதக் கடைசியில் அஜக்ஸில் என் தமையன் வீட்டுப் பிறந்தநாள் விழா மண்டபத்தில் நடந்தது. அங்கே என் கணவரைச் சுற்றி ஆட்கள். நிறுவனம் தன்னைக் கண்டு பயந்து கணக்கை அடைத்துவிட்டது என்று அவர் சொல்ல, எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். இரண்டுபேர் தங்கள் காசையும் போட்டுத் தரச் சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியில், நெடுஞ்சாலை 401 இல், இவர் என்னிடம் சொன்னார், இந்த மாதச் சீட்டைக் கழிவு கூறி ஏலத்தில் எடுக்கப்போகிறாராம், அந்தக் காசோடு வேறொரு நிறுவனத்தில் கணக்குத் திறக்கப்போகிறாராம். சொந்தக்காரர் இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் கட்டுகிற சீட்டு அது. அதைக் கேட்டதும் என் தலைக்குள் ஏதோ வெடித்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“நீங்கள் சொல்லுறதைப் போட்டால் நிலாணியையும் மொக்கெண்டு நம்புவாங்கள். அதுக்குத்தானப்பா அவள் சனிக்கிழமையில உங்களிட்டக் கேட்டவள்,” என்றேன்.

அவர் வாகனத்தை மட்டும் கவனமாக ஓட்டினார். வீட்டுக்கு வந்து, நான் சமைத்ததைத் தொடாமல் பாண் சாப்பிட்டார். அவர் பொலிசுக்கு எடுத்தது அதற்குப் பிறகுதான். கணக்கு வெட்டுப்பட்டபோது எடுக்கவில்லை, காசு தோற்றபோது எடுக்கவில்லை. ஆகவே இந்த முறைப்பாடு எந்தக் களவாலும் வந்ததல்ல. காரில் வைத்து நான் சொன்ன ஒரு வசனத்தால் வந்தது. இரண்டு உத்தியோகத்தர்கள் பக்கத்துக் கதவால் பேஸ்மென்றுக்கு இறங்கிப் போனதை நான் மேலே யன்னலால் பார்த்தேன். நிலாணி அவர்களுக்கும் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னதாக அறிகிறேன். என் பெயரை மட்டும் சொல்லவில்லையாம். கடவு இலக்கத்தை எப்படி அறிந்தார் என்று கேட்டதற்கு அவர் பேசாமல் இருந்ததாக இங்கே என்னிடம் சொல்லப்பட்டது.

சீட்டு என் பெயரில் இருப்பதால் நான் அதை எடுக்க விடவில்லை. ஆனால் என் கணவர் தன் சம்பளத்தில் வேறொரு நிறுவனத்தில் கணக்குத் திறந்தார். முன்புபோல் பார்லே வைக்கவில்லை, கத்தவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெண்கள் கூடைப்பந்து பற்றி மணிக்கணக்காக வாசித்தார். எந்த அணி எவ்வளவு தூரம் பஸ்ஸில் போய் விளையாடுகிறது, யாருக்கு முழங்காலில் காயம் என்றெல்லாம் என்னிடம் சொல்ல வருவார், நான் முகம் கொடுக்காததால் பாதியில் நிறுத்திவிடுவார். பந்தயத்தை வைத்துவிட்டு, நிலாணியைப்போல், உடுப்பு மடிக்கப் போவார். சிலதில் வென்றார் என்றும் சொல்ல வேண்டும். அவர் இதைக் காசுக்காகச் செய்கிறார் என்று நான் நினைத்தேன். காசுக்காக அல்ல. தன்னை வெட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு பெரிய தொகையைத் தட்டிப் பார்த்து, நிறுவனம் மறுக்கிறதா என்று பார்த்துவிட்டு அழித்துவிடுவார். இது எனக்கு இன்று காலைதான் தெரியும்.

இன்று காலை அவரே என்னை இங்கே வாகனத்தில் கொண்டுவந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். தரிப்பிடத்தில் நிறுத்திய பின் அவருடைய தொலைபேசி அடித்தது. புதிய நிறுவனத்திலிருந்து ஒரு பெண் பிள்ளை, மிகவும் இனிமையான குரல். தான்தான் இனிமேல் அவருடைய சொந்தப் பிரதிநிதி என்றும், அவரைப்போன்ற ஒரு வாடிக்கையாளர் கிடைத்ததில் தங்களுக்குப் பெருமை என்றும், இலவசப் பந்தயம் ஒன்று கணக்கில் போட்டிருப்பதாகவும், வரும் வாரம் ஆட்டம் பார்க்க விருப்பமா என்றும் கேட்டார். இவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பின்னர் அவர் அந்தக் கணக்கைத் திறந்து, தன்னுடைய ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடிய தொகை ஒன்றைத் தட்டி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். மறுப்பு ஒன்றும் வரவில்லை. பொத்தான் பச்சையாக எரிந்துகொண்டு இருந்தது. இன்னும் ஒரு பூச்சியம் சேர்த்தார். அப்போதும் பச்சைதான்.

“எவ்வளவு போட்டாலும் எடுக்குதப்பா,” என்றார்.

முப்பத்தொரு வருடம் அவரோடு வாழ்கிறேன். அந்தக் குரலை நான் கேட்டதில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. அவர் தொகையை அழித்தார். பிறகு, கணக்கை மூடுகிற இடம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். நானும் தேடினேன், கிடைக்கவில்லை. “கீழ இருக்கிற பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றார். “நீர் முதல் உள்ளுக்குப் போம். நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன். குடுத்த முறைப்பாட்டை நான்தான் திருப்பி எடுக்கவேணும்.”

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்நேரம் அவர் உள்ளே வந்து, முன் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பதை இந்தக் கண்ணாடிக்கூடாகக் காண்கிறேன். அவர் தன் வாயால் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது, அதற்கு நான் பொறுப்பல்ல. என்னுடைய பங்குக்கு நான் சொல்வது: நிலாணி என் சொல்லில், என் வீட்டில், நான் திறந்து கொடுத்த தொலைபேசியில் செய்தார். அவருக்கு அதனால் வந்தது இழப்பு மட்டுமே. குற்றம் என்று ஒன்று இருந்தால் அதை என் பெயரில் எழுதவும்.

நான் சொன்ன ஒழுங்கிலேயே இவை எழுதப்பட்டு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் என் கணவரின் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. நான் இவ்வளவும் சொன்ன பிறகு அதை மாற்ற வேண்டுமா என்று உத்தியோகத்தர் கேட்டார். வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது என்றேன். மற்ற எல்லாமும் நான் அறிந்த அளவில் உண்மை என்று ஏற்று என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. புனிதவதி
எழுதி வாசித்துக் காட்டியவர்: கிருபன், பொலிஸ் உத்தியோகத்தர், ஸ்காபரோ